கொழுந்து எடை, மண்டிச் சிட்டை, பி.காம். படிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கணக்குப் படித்தவர்களுக்கு வங்கி, ஐ.டி. நிறுவனம், ஆடிட்டர் ஆபீஸ் என்று என்னென்ன வேலை இருக்கிறது என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். விவசாயத்தையும் உணவுத் தொழிலையும் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று மலையிலிருந்து கடிதங்கள் வந்தன. நீலகிரியிலிருந்தும் வந்தன, கொடைக்கானல் பக்கமிருந்தும் வந்தன. கேட்டது நியாயம். அதனால் இந்த முறை முழுக்க மலைக் கடிதங்கள்தான். சிலர் வேலை பார்க்கும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகவே எழுதியிருப்பதால் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: நான் +2 வணிகவியல் பிரிவு. கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி (படகர் ஊர்). ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. ‘தேயிலையை நம்பி எதையும் படிக்காதே, கோவைக்குப் போய் கம்ப்யூட்டர் படி’ என்கிறார் அப்பா. எனக்குக் கணக்குப்பதிவியல் பிடித்திருக்கிறது. கணக்குப் படித்துவிட்டு இந்தத் தேயிலைத் தொழிலிலேயே நல்ல வேலைக்குப் போக முடியுமா அண்ணா? அதற்கென்று தனிப் படிப்பு உண்டா?
– கோத்தகிரி வாசகி

பதில்: முடியும் தங்கச்சி. தனிப் படிப்பு என்று தேடி அலைய வேண்டாம், தொடங்குவதற்கு பி.காம். போதும். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் ஃபேக்டரி ஆபீசில் பில் அடிக்கிற வேலைதான் கிடைக்கும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக் கூடாது.

ஒரு காரியம் செய்யுங்கள். மாதக் கடைசியில் அப்பா ஃபேக்டரியிலிருந்து வாங்கிவரும் சிட்டையை எடுத்துப் பாருங்கள். பசுந்தேயிலை கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு விலை போட்டிருப்பார்கள். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஹட்டியில் பாதிப் பேர் ‘குன்னூர் ஏலத்துல விலை இல்லையாம்’ என்பதோடு முடித்துவிடுவார்கள். விஷயம் அவ்வளவு சின்னது இல்லை. வெளியாரிடம் கொழுந்து வாங்கி அரைக்கிற தொழிற்சாலைகளுக்கு, தேயிலைச் சந்தைப்படுத்தல் கட்டுப்பாட்டு ஆணை, 2003 என்று ஒன்று இருக்கிறது. அதன்கீழ், தூள் விற்ற விலையில் 65 சதவீதம் கொழுந்து கொடுத்த விவசாயிக்கு, 35 சதவீதம் தொழிற்சாலைக்கு என்ற பங்கீட்டை வைத்து விலை போடுகிறார்கள், தேயிலை வாரியமும் மாதாமாதம் மாவட்டத்தின் சராசரி விலையை அறிவிக்கிறது.

இப்போது ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். தூள் சராசரியாக 100 ரூபாய்க்குப் போகிறது, விவசாயி பங்கு 65 ரூபாய். ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோ கொழுந்து ஆகிறது என்றால் கொழுந்து கிலோவுக்கு 16 ரூபாய் 25 காசு. அதே ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ கொழுந்து தேவைப்பட்டால் 14 ரூபாய் 44 காசு. ஏலத்தில் ஒரு பைசா இறங்கவில்லை, ஆனால் வீட்டுக்கு வருகிற பணத்தில் கிலோவுக்கு 1 ரூபாய் 81 காசு காணாமல் போய்விட்டது. மழையில் நனைந்த கொழுந்து, முற்றின இலை, மிஷினில் வெட்டும்போது கூடவே வந்த காம்பு, நிறுக்கும்போது ஈரத்துக்கு என்று பிடிக்கிற கழிவு, ஃபேக்டரியில் வாட்டும்போது செய்த அவசரம், எல்லாம் கடைசியில் இந்த ஒரு எண்ணில்தான் வந்து உட்காரும். பி.காம். இரண்டாம், மூன்றாம் வருடத்தில் அடக்கவிலைக் கணக்கில், அதாவது ஒரு பொருளைத் தயாரிக்க ஆகிற செலவுக் கணக்கில், இயல்பான நட்டம், அசாதாரண நட்டம் என்று ஒரு பாடம் வரும், பலர் பரீட்சைக்கு மட்டும் படித்துவிட்டு மறந்துவிடுவார்கள். உங்களுக்கு அது வீட்டுச் சோற்றுக் கணக்கு. அந்த நாலு கிலோவுக்கும் நாலரைக் கிலோவுக்கும் நடுவில் எது நியாயமான இழப்பு, எது யாரோ ஒருவர் பதில் சொல்ல வேண்டிய இழப்பு என்று பிரித்துக் காட்டத் தெரிந்த ஆள்தான் இந்தத் தொழிலுக்கு வேண்டும். அப்படிப்பட்டவர்கள் மலையில் ரொம்பக் குறைவு.

வேலை எங்கே என்றால், இண்ட்கோசர்வ் என்ற கூட்டுறவு இணையத்தின்கீழ் 16 கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம் பிறகு டான்டீ என்ற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமானது, அது இருக்கிறது. தனியார் தொழிற்சாலைகள், எஸ்டேட் கம்பெனிகள், குன்னூரில் ஏலத் தரகு நிறுவனங்கள், கிடங்குகள், பாக்கெட் போட்டு விற்பவர்கள். ஏலத் தரகர் ஆபீஸ் கணக்கு தனி ருசி. ஒரே வாரத்தில் எத்தனையோ தொழிற்சாலையின் தூள், எத்தனையோ பேர் வாங்குகிறார்கள், வாங்கியவர் குறித்த கெடுவுக்குள் பணம் கட்ட வேண்டும், வந்த பணத்தில் கமிஷனைப் பிடித்துக்கொண்டு தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். வேகமும் வேண்டும், பிசகவும் கூடாது.

படிப்பைப் பொறுத்தவரை என் ஓட்டு சி.எம்.ஏ.வுக்கு, அதாவது அடக்கவிலைக் கணக்காளர் (காஸ்ட் அக்கவுண்டன்ட்) படிப்புக்கு. ‘சி.ஏ. தானே பெரிசு’ என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள், சொல்லட்டும். 2014ஆம் ஆண்டின் அடக்கவிலைப் பதிவேடுகள், தணிக்கை விதிகளில் தேயிலையும் காப்பியும் பட்டியலில் இருக்கின்றன. சர்க்கரை, பால் பவுடர், சமையல் எண்ணெயும் அதில் உண்டு. விற்றுமுதல் 35 கோடிக்கு மேல் போகும் கம்பெனி அந்தப் பதிவேடுகளை வைத்தே ஆக வேண்டும், இன்னும் பெரிதானால் காஸ்ட் அக்கவுண்டன்ட் வந்து தணிக்கையும் செய்ய வேண்டும். பட்டம் முடித்தவர்கள் சி.எம்.ஏ.வில் நேரடியாக இன்டர்மீடியட்டில் சேரலாம். சி.ஏ.வுக்கும் அப்படி வழி இருக்கிறது, பி.காமில் 55 சதவீதம் எடுத்திருக்க வேண்டும், அப்புறம் இரண்டு வருடம் ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டரிடம் பயிற்சி. பி.காமுக்காகக் கீழே இறங்க வேண்டிய அவசியம் இல்லை. ஊட்டி அரசு கலைக் கல்லூரி 1955இலிருந்து இருக்கிறது, குன்னூரில் பிராவிடன்ஸ் மகளிர் கல்லூரி இருக்கிறது. சி.எம்.ஏ. வகுப்புக்கு மட்டும் கோவையைப் பார்க்க வேண்டிவரும்.

அப்பாவிடம் என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தேயிலை விலை விழுந்தால் தோட்டக்காரருக்குக் கஷ்டம், கணக்கு ஆளுக்கு வேலை கூடும். அடக்கவிலை படித்தவருக்கு நாளைக்கு ஆவின் பக்கமோ, சர்க்கரை ஆலைப் பக்கமோ, மசாலாக் கம்பெனிப் பக்கமோ போகவும் கதவு திறந்தே இருக்கும்.

கேள்வி: டாலி (கணக்கு எழுதும் மென்பொருள்) கோர்ஸ் முடித்துவிட்டேன், சான்றிதழும் இருக்கிறது. உணவுக் கம்பெனியில் அக்கவுண்டன்ட் வேலைக்கு இது போதாதா?
– குன்னூர் வாசகர்

பதில்: உள்ளே நுழையப் போதும். டாலியில் என்ட்ரி போட எல்லோருக்கும் தெரியும், எந்த என்ட்ரி என்பதை டாலி சொல்லாது. உங்கள் ஊர் உதாரணமே இருக்கிறது: பசுந்தேயிலை விவசாய விளைபொருள். அதையே தூளாக்கிய பிறகு ஜி.எஸ்.டி. கணக்கில் அது விவசாய விளைபொருள் இல்லை என்று 2017 நவம்பரில் சுற்றறிக்கையே வந்தது. ஆகவே விவசாய விளைபொருளைக் கிடங்கில் வைப்பதற்கு இருக்கிற வரிவிலக்கு தூள் மூட்டைக்குக் கிடைக்காது. அரைத்த காப்பி, வெல்லம், தோல் நீக்கி உடைத்த பருப்பு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். டாலி மாஸ்டரில் (பொருள் விவரப் பட்டியலில்) தப்பான வரி விகிதத்தைப் போட்டுவிட்டு மூன்று வருடம் கழித்து நோட்டீஸ் வந்த கம்பெனிகள் உண்டு. இந்த மாதிரி விஷயம் நாலு தெரிந்து வைத்துக்கொண்டு நேர்காணலுக்குப் போங்கள். எக்செல் நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள், டாலியைவிட அதில்தான் அதிகம் உட்காருவீர்கள்.

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு எங்கள் ஊர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் கணக்காளராக இருக்கிறேன். காப்பி, மிளகு, பட்டர் ஃப்ரூட் வாங்கி விற்கிறோம். இயக்குநர்கள் எல்லோரும் விவசாயிகள், பெரியவர்கள். ‘விவசாய வருமானத்துக்குத்தான் வரியே இல்லையே தம்பி, இவ்வளவு ரசீது, வவுச்சர் எதுக்கு’ என்கிறார்கள். என்ன பதில் சொல்வது? இந்த வேலையில் எதிர்காலம் இருக்கிறதா?
– தாண்டிக்குடி வாசகர்

பதில்: தம்பி, உங்கள் இயக்குநர்கள் சொல்வதில் பாதி சரி, அதுதான் ஆபத்து.

விவசாயி தன் தோட்டத்துக் காப்பிப் பழத்தைப் பறித்து, காயவைத்து விற்றால் அது விவசாய வருமானம், வரி கிடையாது. அதைக் க்யூரிங் ஆலையில் பதப்படுத்தி விற்றால் லாபத்தில் 25 சதவீதம் வியாபார வருமானம் ஆகிவிடும். வறுத்து அரைத்துப் பொடியாக விற்றால் 40 சதவீதம். சொந்தத் தோட்டத்துத் தேயிலைத் தூளுக்கும் அதே 40 தான். ஆனால் இந்தச் சலுகைக் கணக்கெல்லாம் விளைவித்தவருக்கு மட்டும். உங்கள் நிறுவனம் எதையும் விளைவிக்கவில்லை, உறுப்பினரிடமிருந்து வாங்கி விற்கிறது. அதில் நிற்கிற லாபம் வியாபார லாபம். உறுப்பினர்கள் விவசாயிகள் என்பதால் நிறுவனமும் விவசாயி ஆகிவிடாது. இதைப் புரியவைக்க நான் பார்த்த சுலபமான வழி, பொதுக்குழுவில் பேசாமல், ஒரு இயக்குநரோடு டீக்கடையில் உட்கார்ந்து பேசுவது. எண் எதுவும் சொல்லாதீர்கள். ‘ஐயா, இந்த மிளகுக் கொடி கம்பெனிக்குச் சொந்தமா?’ என்று கேளுங்கள்.

இன்னொன்று. உறுப்பினரில் யாராவது கடையும் வைத்திருந்து, அதில் வரிவரம்புக்கு மேல் வருமானம் இருந்தால், அவருடைய விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டும்போது அதையும் சேர்த்துத்தான் மற்ற வருமானத்துக்கான வரி விகிதத்தைக் கணக்கிடுவார்கள். ‘வரியே இல்லை’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர்களுக்கு இது தெரியாது.

வவுச்சர் ஏன் என்றால், ஒரே நாளில் ஒருவருக்குப் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் ஏற்க மாட்டார்கள். விளைவித்த விவசாயியிடமிருந்தே நேரடியாக விளைபொருள் வாங்கினால் இதற்கு விலக்கு உண்டு. ஆனால் அவர்தான் விளைவித்தார் என்று யார் சொல்வது? உங்கள் வவுச்சர்தான் சொல்லும்: பெயர், ஊர், சர்வே எண், எடை, கையெழுத்து. ஊர் வியாபாரி ஒருவரிடமிருந்து நாலு மூட்டை மிளகு வாங்கிவிட்டு அதை விவசாயி பெயரில் எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள், வேலையே போனாலும் பரவாயில்லை. சட்டப் பிரிவு எண்களை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் வந்ததில் எண்கள் எல்லாம் இடம் மாறிவிட்டன.

எடைக்கு வருவோம். பச்சை மிளகு மூன்று கிலோ காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ நிற்கும். காப்பியிலோ ஐந்து ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ கொட்டை. நீங்கள் பச்சையாக வாங்கினீர்களா, அரைகுறையாகக் காய்ந்ததை வாங்கினீர்களா, வாங்கிய அன்று ஈரப்பதம் என்ன என்று இருப்புப் பதிவேட்டில் எழுதாவிட்டால், மார்ச் 31 அன்று கிடங்கில் குறைகிற 40 கிலோ காய்ந்து போனதா, நடந்து போனதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஈரமானி வாங்கச் சொல்லி மினிட் புத்தகத்தில் எழுதவையுங்கள்.

உற்பத்தியாளர் நிறுவனத்துக்கே உரிய சில கணக்குகள் இருக்கின்றன, பி.காமில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். சரக்குக்குப் பேசிய விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து பிறகு தரலாம், அது கடன் மாதிரி உங்கள் புத்தகத்தில் நிற்க வேண்டும். வருட முடிவில் யார் எவ்வளவு சரக்குக் கொடுத்தாரோ அந்த அளவுக்கு ஏற்ப ஊக்கத்தொகை பிரிக்கலாம், பங்குக்கு ஏற்ப அல்ல. ஆகவே உறுப்பினர்வாரியாகப் பேரேடு இல்லாமல் இந்த நிறுவனமே நடக்காது. சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் ஒருவரைக் கொண்டு உள்தணிக்கை செய்வதும் கட்டாயம். கம்பெனிப் பதிவாளருக்கு அனுப்பும் வருடாந்தரப் படிவங்கள் தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு நாளைக்கு 100 ரூபாய் கூடிக்கொண்டே போகும். மூன்று வருடம் தூங்கிவிட்டால் சின்ன நிறுவனத்தின் மொத்த மூலதனமும் அதற்கே சரியாகிவிடும். நல்ல விளைச்சல், நல்ல உறுப்பினர்கள், ஆனால் படிவம் போடாமல் முடங்கிக் கிடக்கிற நிறுவனங்களைப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது.

எதிர்காலம் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். 2020இல் வந்த பத்தாயிரம் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில், மலைப் பகுதியில் 100 உறுப்பினர் இருந்தால் போதும் என்றார்கள், நிர்வாகச் செலவுக்கு மூன்று வருடத்துக்கு 18 லட்சம் வரை உதவியும் உண்டு. அதில் கணக்காளர் சம்பளத்துக்கு ஒதுக்கியது மாதம் 10,000 ரூபாய் வரைதான். மூன்று வருடம் கழித்து நிறுவனம் தன் காலில் நின்றால்தான் அந்தச் சம்பளமும். அதனால் இதைக் கடைசி வேலையாக நினைக்காதீர்கள். இரண்டு மூன்று வருடம் இருங்கள், கொள்முதல், இருப்பு, வரி, வங்கிக் கடன், படிவம் எல்லாமே ஒரே ஆள் பார்க்கிற இடம் இது, வேறெங்கும் இந்த அனுபவம் கிடைக்காது. மாலை நேரத்தில் சி.எம்.ஏ. இன்டர் படியுங்கள். நபார்டு (வேளாண், ஊரக வளர்ச்சி வங்கி) கிரேடு ஏ அதிகாரித் தேர்வையும், இந்திய உணவுக் கழகத்தின் கணக்குப் பிரிவு வேலைகளையும் கண்காணித்துக்கொண்டே இருங்கள், உணவுக் கழகத்தில் உதவியாளர் நிலைக் கணக்குப் பணிக்கு பி.காம். போதும்.

கேள்வி: நாங்கள் பூம்பாறையில் பூண்டு, கேரட் போடுகிறோம். மகன் பத்தாவது முடிக்கப் போகிறான். பி.எஸ்சி. அக்ரி படிக்கவைப்பதா, கணக்குப் படிக்கவைப்பதா என்று வீட்டில் சண்டை.
– பூம்பாறை வாசகி

பதில்: அம்மா, சண்டையைப் பதினொன்றாம் வகுப்பு சேர்க்கைக்குள் முடித்துவிடுங்கள். காமர்ஸ் குரூப் எடுத்துவிட்டால் பி.எஸ்சி. அக்ரிக்குப் போக முடியாது, அறிவியல் குரூப் எடுத்தால் பிறகு பி.காம். சேரலாம். பையனுக்கு இன்னும் மனசு நிலைக்கவில்லை என்றால் அறிவியலே பத்திரம்.

பையனிடம் ஒன்று கொடுத்துப் பாருங்கள். வடுகபட்டி மண்டியிலிருந்து வருகிற பூண்டுச் சிட்டை ஒரு வருடத்துக்கு உண்டானது வீட்டில் எங்காவது சொருகிவைத்திருப்பீர்கள். விற்ற தொகை, கமிஷன், இறக்குக் கூலி, சாக்கு, வண்டி வாடகை, விதைப் பூண்டுக்கு வாங்கிய முன்பணத்தில் பிடித்தது என்று வரிசையாக இருக்கும். ‘நம்ம கைக்கு வந்தது கிலோவுக்கு எவ்வளவுடா, விதை, உரம், ஆள் கூலி போக மிச்சம் எவ்வளவு’ என்று கேளுங்கள். ஆர்வமாக உட்கார்ந்து போட்டால் கணக்கு. சிட்டையைத் தள்ளிவைத்துவிட்டு ‘போன தடவை ஏன் வேர் அழுகிச்சு’ என்று கேட்டால் அக்ரி. கொடைக்கானல் மலைப் பூண்டு 2019இல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது, ஆனால் சாதாரணப் பூண்டோடு கலந்து விற்றால் அந்தக் குறியீட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கிடைக்காது. எந்தத் தோட்டத்துப் பூண்டு எந்த மூட்டையில் போனது என்று பதிவு வைத்திருப்பதும் கணக்கு ஆளின் வேலைதான்.

அக்ரி படித்துவிட்டு மேலே வணிகம் படிக்கவும் வழி உண்டு. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் வேளாண் வணிக மேலாண்மை இருக்கிறது, ஐதராபாத்தில் மேனேஜ் என்ற வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் இருக்கிறது, பெங்களூரில் தோட்டத் தொழில் மேலாண்மைக்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. கூட்டுறவுப் பக்கம் ஆசை என்றால், குஜராத்தின் ஆனந்தில் இருந்த இர்மா என்ற ஊரக மேலாண்மை நிறுவனத்தைத் திரிபுவன் கூட்டுறவுப் பல்கலைக்கழகமாக 2025இல் ஆக்கியிருக்கிறார்கள்.

கேள்வி: ஊட்டியில் வீட்டுத் தயாரிப்பு சாக்லேட்டும் வர்க்கியும் விற்கிறோம். சீசனில் கல்லா நிறைகிறது, ஜூலையில் பார்த்தால் பணமே இல்லை. மகள் பி.காம். முதல் வருடம், அவளையே கணக்குப் பார்க்கச் சொல்லலாமா?
– உதகை வாசகர்

பதில்: தாராளமாக. புத்தகத்தைவிட உங்கள் கடையில் அதிகம் கற்றுக்கொள்வாள். முதல் வேலையாக அடக்கவிலைச் சீட்டு போடச் சொல்லுங்கள், ஒவ்வொரு ரகத்துக்கும் தனித்தனியாக. முந்திரி போட்டதற்கும் வெறும் பாருக்கும் கிலோ ஒரே விலை வைத்திருப்பீர்கள், எது லாபத்தைத் தின்கிறது என்று அப்போது தெரியும். சுவை பார்க்கக் கொடுக்கிற துண்டு, உடைந்தது, கெடு தேதி தாண்டியது, டாக்ஸி டிரைவருக்குக் கொடுக்கிற கமிஷன், இந்த நாலும் உங்கள் நோட்டில் இருக்காது என்று பந்தயமே கட்டுவேன். ஏப்ரல், மே லாபத்தில் மழைக்கால வாடகையையும் ஆள் சம்பளத்தையும் தனியாக எடுத்துவைக்க வேண்டும். ஜி.எஸ்.டி.யில் சாக்லேட் 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. நீங்கள் சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் ஒரு சதவீதம் கட்டுகிறவர் என்றால் வாடிக்கையாளரிடம் வரி வாங்கவும் முடியாது, வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்ப எடுக்கவும் முடியாது. இதில் இருப்பதா, சாதாரண முறைக்கு மாறுவதா என்று இரண்டு விதமாகவும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அவளுக்கு நல்ல புராஜெக்ட்.

கேள்வி: கோவையில் ஆர்ட்டிகிள்ஷிப்பில் இருக்கிறேன், சொந்த ஊர் குந்தா பக்கம். தோட்டக் கம்பெனி ஆடிட்டுக்குப் போனால் இண்ட் ஏ.எஸ். 41 (விவசாயத்துக்கான இந்தியக் கணக்கியல் தரம்) என்கிறார்கள், தலை சுற்றுகிறது. சுருக்கமாகச் சொல்ல முடியுமா சார்?
– மஞ்சூர் வாசகர்

பதில்: ஊர்க்காரருக்கு இது தலை சுற்றக் கூடாதே. தேயிலைச் செடியை ஃபேக்டரி ரோலர் மாதிரி நினையுங்கள்: வருடக்கணக்கில் நின்று கொழுந்து தருகிறது, அதனால் அது நிலைச் சொத்து, இண்ட் ஏ.எஸ். 16, தேய்மானம் உண்டு. இளஞ்செடி பலன் தரும் வரை முடிவடையாத பணி. செடியில் நிற்கிற கொழுந்துதான் 41க்குள் வரும் உயிர்ச் சொத்து, பறித்த நிமிடத்தில் நியாய மதிப்பிலிருந்து விற்பனைச் செலவைக் கழித்து அளக்க வேண்டும். தூளாகிவிட்டால் சாதாரணச் சரக்கிருப்பு, இண்ட் ஏ.எஸ். 2. சர்வதேசத் தரத்தில் 2014இல்தான் செடியைப் பிரித்து நிலைச் சொத்துப் பக்கம் தள்ளினார்கள், அதற்கு முன் செடியையும் ஒவ்வொரு வருடமும் மதிப்பிட வேண்டியிருந்தது.

மாட்டிக்கொள்கிற இடம் எது தெரியுமா? தேயிலைக்கு நடுவே நிற்கிற சில்வர் ஓக். மரத்துக்காக வளர்த்து வெட்டி விற்பது என்றால் அது பலன் தரும் செடி இல்லை, 41க்குள் வந்துவிடும். சீனியர் கவனிக்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். மார்ச் 31 அன்று மண்ணுக்குள் இருக்கிற உருளைக்கிழங்கும் அப்படித்தான், ஒரு போகத்துச் செடி நிலைச் சொத்தாகாது. இதெல்லாம் பட்டியலிட்ட கம்பெனிக்கும் நிகர மதிப்பு 250 கோடிக்கு மேல் உள்ளவற்றுக்கும்தான். சின்னத் தோட்டக் கம்பெனிக்குப் பழைய ஏ.எஸ். போதும்.

கேள்வி: எஸ்டேட்டில் செக்ரோல் (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடு) கிளார்க். வயது 38, படிப்பு +2. ஆள் கணக்கு, கூடுதல் கிலோ, பி.எஃப்., போனஸ் எல்லாம் கையாலேயே போட்டுவிடுவேன். இனிமேல் படித்து மேலே போக முடியுமா, வயசாகிவிட்டதா?
– கூடலூர் வாசகர்

பதில்: வயசு ஒரு பொருட்டே இல்லை. உங்களிடம் இருப்பதும் சாதாரணச் சரக்கு இல்லை. தோட்டத்தில் பெரிய செலவே கூலிதான், அதை அடிமட்டத்திலிருந்து அறிந்தவர் நீங்கள். இக்னோவிலோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ பி.காம். சேருங்கள். காஸ்ட் அக்கவுண்டன்ட்ஸ் நிறுவனமே +2 முடித்தவர்களுக்குக் கணக்குத் தொழில்நுட்பர் சான்றிதழ்ப் படிப்பு ஒன்று நடத்துகிறது, அதையும் பாருங்கள். கூட்டுறவுச் சங்கங்களில் மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம் மூலம் எடுக்கும் வேலைக்குப் பட்டத்தோடு கூட்டுறவுப் பயிற்சியும் கேட்பார்கள், அறிவிப்பில் வயது வரம்பை முதலில் படித்துவிட்டு அந்தப் பயிற்சிக்குப் பணம் கட்டுங்கள்.

உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் அதற்குள் போய்விட்டது. கூலி என்பதற்கு வரையறையே மாறியிருக்கிறது, அதைத் தொட்டு பி.எஃப்., கிராஜுவிட்டி கணக்கும் மாறும். உங்கள் ஆபீசில் இதை முழுசாகப் படித்தவர் யாரும் இருக்க மாட்டார். அரசு இணையதளத்தில் இலவசமாக இருக்கிறது. இறக்கிக்கொண்டு, உங்கள் செக்ரோலில் ஒரே ஒரு மாதத்தை எடுத்து, பழைய முறையிலும் புது முறையிலும் போட்டு, வித்தியாசத்தை ஒரு தாளில் எழுதி மேனேஜர் மேசையில் வையுங்கள். பி.காம். முடிய மூன்று வருடம் ஆகும், இந்தத் தாளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.